ஐம்பதில் ஒன்று

எல்லாம் ஐம்பதில் ஒன்று.
என் அலமாரியில் அது ஒன்றுதான் சட்டம்.
மேல்தட்டில் மஞ்சள் எக்ஸ்கவேட்டர், செயின் டோசர்,
முன்னுருளையில் பெயிண்ட் உரிந்த ரோடு ரோலர்.
கீழ்த்தட்டில் ராணுவம்:
பாலம் சுமக்கும் லாரி, ஜீப் இரண்டு,
சகதி நிறத்தில் ஒரு மீட்பு வண்டி.
எல்லிஸ் நகர் குடியிருப்பின் இரண்டாம் மாடியில்
போரும் பொதுப்பணித் துறையும்
ஒரே அளவில் நிற்கின்றன.

'பொம்மையா சார்?' என்பான்
கூரியர் பையன் ஆதிப்பாண்டி.
'மாதிரி' என்பேன்.
எதுக்கு மாதிரி என்று கேட்டதில்லை, நல்லவேளை.

பங்குனியில் வந்தது டாங்கி.
சீட்டு எடுத்த பணத்தில் வாங்கியது.
டிரெய்லரில் ஏற்றிப் பார்க்கிறேன்,
செயின் இரண்டும் வெளியே பிதுங்குகின்றன.
வெர்னியரை எடுத்தேன்.
மூன்று மில்லிமீட்டர் கூடுதல்.
பெட்டியின் அடியில், எறும்பெழுத்தில்,
நாற்பத்தெட்டில் ஒன்று.

மூன்று மில்லிமீட்டர்தானே என்பீர்கள்.
ஐம்பதால் பெருக்குங்கள். பதினைந்து சென்டிமீட்டர்.
அந்தப் பதினைந்துக்கு
மேலூர் கோர்ட்டில் பங்காளிகள் இருவர்
பதினோரு வருஷமாய் வாய்தா வாங்குகிறார்கள்.
எனக்குத் தெரியும்.
அந்தப் படத்தைப் போட்டவன் நான்.

நில அளவையில் வரைவாளர்.
ஆபீசில் என் உலகம் ஆயிரத்தில் ஒன்று,
வீட்டில் ஐம்பதில் ஒன்று.
நடுவே டவுன் பஸ்ஸில் மட்டும்
எல்லோரும் முழு அளவில் இடிக்கிறார்கள்.

ஆனையூர்ச் சாலையை அகலப்படுத்த
வைகாசியில் கோடு போட்டேன்.
பஞ்சவர்ணத்தின் ஜெராக்ஸ் கடை
கோட்டுக்கு அங்கிட்டா இங்கிட்டா என்று பேச்சு.
அவள் படத்தின் நகலை வாங்கி
தன் மெஷினிலேயே இரு மடங்காக்கினாள்.
அதை மறுபடி இரு மடங்கு. இப்படி ஆறு தடவை.
கடைசித் தாளை என் மேஜையில் விரித்தாள்.
'பெருசாக்குனா எடம் தெளிவாத் தெரியும்னு பார்த்தேன் சார்.
கோடும்ல சேந்து பெருத்துப்போச்சு.
இந்தக் கருப்பு இருக்குல்ல,
இது யாரு எடம்?'

என் பேனாவின் முனை பாயிண்ட் மூன்று.
ஆயிரத்தால் பெருக்கினால் முப்பது சென்டிமீட்டர்.
ஓரடி நிலம் மைக்குள் கிடக்கிறது.
இருபத்தாறு வருஷம் கோடு போட்டவனுக்கு
தெரியாமல் இல்லை.
யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.
'கணக்குப்படி கோட்டுக்கு அகலம் கிடையாதும்மா.'
'அப்ப என் கல்லாப்பெட்டி கணக்குல இல்லையா?'

எக்ஸ்கவேட்டர் வந்தது, ஒன்றில் ஒன்று.
பூமின் வளைவு, பக்கெட்டின் ஐந்து பற்கள்
எல்லாம் என்னுடையது மாதிரியே.
கேபின் கண்ணாடியில் தொங்கிய எலுமிச்சம்பழம் மட்டும்
என்னுடையதில் இல்லை.
சத்தமும் இல்லை.
ஷட்டரையும் முன்சுவரையும் எடுக்க
ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.
அவள் ஜெராக்ஸ் மெஷினை நடுரோட்டில் நிறுத்தி
போர்வை போர்த்திக்கொண்டிருந்தாள்,
காய்ச்சல்காரருக்குப் போர்த்துவதுபோல்.

இரவு அலமாரியைத் திறந்தேன்.
சட்டையோடு வந்திருக்கும் புழுதி.
தூசியை எவனும் சுருக்கி விற்பதில்லை.
டோசர் மேல் கிடந்த ஒரு துகள்
அந்த ஓட்டுநருக்குப் புளியங்கொட்டை.
ஆட்களை விற்கிறார்கள்:
தலைக்கவசம் போட்ட மேஸ்திரி, கொடி காட்டுபவர்,
துப்பாக்கியோடு மண்டியிட்டவர்.
மெஷினுக்குப் போர்த்திவிடும் பெண்
எந்தப் பட்டியலிலும் இல்லை.

டாங்கியைத் திருப்பி அனுப்பவில்லை.
டிரெய்லரில்தான் நிற்கிறது,
பக்கத்துக்கு ஒன்றரை மில்லி வெளியே.
பார்க்கும்போதெல்லாம் உறுத்துகிறது.
உறுத்தட்டும்.

அவள் விட்டுப்போன தாள் டிராயரில் இருக்கிறது.
கருப்பின் மேல் கட்டைவிரலை வைத்தேன்,
சரியாக மூடியது.
பழக்கதோஷம், கணக்குப் போட்டேன்:
ஏறக்குறைய பதினாறில் ஒன்று.
அந்த அளவில்
என்னிடம் எதுவும் இல்லை.